கட்டணத் தாளும் சம்பளச் சீட்டும்: இதழியல் படிப்புக்கு ஒரு கணக்கு

பத்திரிகையாளர் ஆவதற்கு இந்தியாவில் எந்தப் பட்டமும் சட்டப்படி தேவையில்லை. மருத்துவம் பார்க்கப் பதிவு வேண்டும். நீதிமன்றத்தில் வாதாட பார் கவுன்சிலில் பெயர் ஏற வேண்டும். நிருபருக்கு அப்படி எதுவும் கிடையாது. 2013-ல் இந்தியப் பத்திரிகைக் கவுன்சிலின் அன்றைய தலைவர் மார்க்கண்டேய கட்ஜு, குறைந்தபட்சக் கல்வித் தகுதி ஒன்றை வைக்க வேண்டும் என்று சொல்லி, அதற்கு ஒரு குழுவும் அமைத்தார். அது சட்டமாகவில்லை. பத்திரிகையாளர் பி. சாய்நாத் ஜே.என்.யு.வில் வரலாறு முதுகலை படித்தவர். இன்னொரு பத்திரிகையாளர் என். ராம் அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழக இதழியல் பள்ளியில் படித்தவர். இருவரையுமே இந்தத் தொழில் ஏற்றுக்கொண்டது.

அப்படியானால் கல்லூரியில் லட்சக்கணக்கில் கட்டும் பணத்துக்கு நாம் வாங்குவது என்ன? இதை யோசிக்காமல் விண்ணப்பம் போடுகிறவர்கள்தான் அதிகம். இந்தத் தொழிலை நான் நேசிக்கிறேன். அதற்கு வருகிற பிள்ளைகள் கடனோடு வந்து, கடனுக்காகவே பிடிக்காத இடத்தில் தங்கி, நான்காம் ஆண்டில் வேறு வேலைக்குப் போவதைப் பார்த்து வருந்தியும் இருக்கிறேன். வீட்டில் நகை அடகுக்குப் போவதற்கு முன்னால் பேனா பிடித்து ஒரு கணக்குப் போட்டுவிட வேண்டும் என்பதற்காகவே இந்த அத்தியாயம்.

செலவை முழுதாக எழுதுங்கள்

கட்டணம் கல்லூரிக்குக் கல்லூரி மலைக்கும் மடுவுக்குமாக வேறுபடும். சென்னைப் பல்கலைக்கழகம், மதுரை காமராசர், கோவை பாரதியார், நெல்லை மனோன்மணியம் சுந்தரனார் ஆகிய அரசுப் பல்கலைக்கழகங்களின் துறைகளில் முதுகலை படிப்பதற்கும், சென்னையில் ஒரு தனியார் நிறுவனத்தில் ஓராண்டு முதுநிலைப் பட்டயம் படிப்பதற்கும் இடையே பல லட்சம் இடைவெளி இருக்கிறது. டில்லியில் 1965-ல் தொடங்கிய இந்திய மக்கள் தொடர்பு நிறுவனம் மத்திய அரசுடையது. இன்று நிகர்நிலைப் பல்கலைக்கழகம். தரமணியில் இருக்கும் ஏசியன் காலேஜ் ஆஃப் ஜர்னலிசம் தனியார் அறக்கட்டளை நடத்துவது. 2025-ல் தமிழ்நாடு அரசு கோட்டூர்புரத்தில் சென்னை இதழியல் நிறுவனத்தைத் தொடங்கியது. வேலைக்குப் போய்க்கொண்டே படிக்க இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகத்திலும் இதழியல் முதுகலை உண்டு.

இணையதளத்தில் போட்டிருக்கும் கட்டணத்தோடு கணக்கை முடித்துவிடாதீர்கள். விடுதி வாடகை, மெஸ், லேப்டாப், நல்ல கேமரா உள்ள போன், செய்தி தேடி அலையும் பெட்ரோல், பயிற்சிக்காகப் போகிற இடத்தில் உதவித்தொகை இல்லாமல் கழிக்கிற இரண்டு மாதம் எல்லாம் செலவுதான். இவற்றுக்கும் மேலே, யாரும் எழுதாத ஒரு வரி இருக்கிறது. அந்த ஒரு வருடம் படிக்காமல் வேலைக்குப் போயிருந்தால் வந்திருக்கும் சம்பளம். அதையும் செலவுப் பக்கத்தில்தான் எழுத வேண்டும்.

ஒரு மாதிரிக் கணக்கு போடுகிறேன். எண்கள் விளக்கத்துக்காக நான் வைத்துக்கொண்டவை. உங்கள் எண்களை அவற்றின் இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள். அருப்புக்கோட்டையில் பி.ஏ. தமிழ் முடித்த ஒரு மாணவி, சென்னையில் ஓராண்டுப் பட்டயம் சேர்கிறார். கட்டணம் 4,50,000 ரூபாய். விடுதியும் சாப்பாடும் மாதம் 9,000 என்றால் ஆண்டுக்கு 1,08,000. லேப்டாப் 45,000. பஸ், பெட்ரோல், இதர செலவு மாதம் 3,000 வீதம் 36,000. இதுவரை 6,39,000. படிக்காமல் நேரே ஒரு சேனலிலோ நாளிதழ் டெஸ்க்கிலோ 14,000-க்குச் சேர்ந்திருந்தால் அந்த ஆண்டில் கிடைத்திருக்கும் 1,68,000-ஐயும் கூட்டினால் மொத்தம் 8,07,000 ரூபாய். இதுதான் படிப்பின் உண்மையான விலை.

வருமானப் பக்கம் இப்போது. படிப்பில்லாமல் சேர்ந்திருந்தால் அடுத்த ஆண்டு அவருடைய சம்பளம் 16,000 ஆகியிருக்கும் என்று வைப்போம். பட்டயம் முடித்ததும் ஆங்கில நாளிதழ் ஒன்றில் 32,000-க்கு வேலை கிடைத்தால், மாதத்துக்கு 16,000 கூடுதல், ஆண்டுக்கு 1,92,000. போட்ட பணம் நான்கு ஆண்டும் சில மாதமும் ஆனால் திரும்பிவிடும். அதே பட்டயத்தோடு தமிழ்ச் சேனலில் 20,000-க்குச் சேர்ந்தால் மாதம் 4,000தான் கூடுதல். ஆண்டுக்கு 48,000. பணம் திரும்பக் கிட்டத்தட்ட பதினேழு ஆண்டு!

இரண்டு கணக்கிலும் கல்லூரி ஒன்றுதான், வகுப்பறை ஒன்றுதான். மாறியது ஆங்கிலத்தில் பிழையில்லாமல் செய்தி எழுத வருமா என்பது மட்டும். கசப்பாக இருந்தாலும் இதைச் சொல்லியே ஆக வேண்டும். தமிழில் மிக நன்றாக எழுதுகிற பிள்ளைக்கு இந்தச் சந்தை கொடுக்கிற விலை குறைவு. அது அநியாயம்தான். ஆனால் தமிழ் ஊடகத்தில்தான் வேலை செய்வேன் என்று உறுதியாக இருப்பவர், ஆங்கில நாளிதழின் சம்பளத்தை மனதில் வைத்துக் கட்டணம் கட்டக் கூடாது. தமிழ்ச் சம்பளத்துக்கு ஏற்ற கட்டணம் உள்ள இடத்தையே தேட வேண்டும்.

சம்பளச் சீட்டை வாசித்தல்

‘மாதம் இருபதாயிரம்’ என்று வாய்மொழியாகச் சொல்வதற்கும் கையில் வருவதற்கும் இடையே வித்தியாசம் இருக்கிறது. நிறுவனத்தின் மொத்தச் செலவாக 20,000 என்று எழுதியிருந்தால், அதற்குள்ளேயே நிறுவனம் கட்டும் பி.எஃப். பங்கும் அடங்கியிருக்கலாம். அடிப்படைச் சம்பளம் 10,000 என்றால் நிறுவனத்தின் பங்கு 1,200, உங்கள் பங்கு 1,200. கைக்கு வருவது 17,600. இதர பிடித்தங்கள் இருந்தால் இன்னும் குறையும். பி.எஃப். உங்கள் பணம்தான், அது நல்லதும்கூட. ஆனால் மாத வாடகையை அதிலிருந்து கொடுக்க முடியாது.

இன்னொரு வகையும் உண்டு. வேலை நியமனக் கடிதத்துக்குப் பதில் ‘கன்சல்டன்ட்’ ஒப்பந்தம் தருவார்கள். அதில் பி.எஃப். இல்லை, விடுப்புக்கான ஊதியம் பெரும்பாலும் இல்லை; பத்து சதவீதம் வருமான வரியாகப் பிடிப்பார்கள். வரி கட்டும் அளவுக்கு வருமானம் இல்லாதவர்கள் ஆண்டுதோறும் ரிட்டர்ன் தாக்கல் செய்தால் அதைத் திரும்பப் பெறலாம். பல இளம் நிருபர்கள் அதைச் செய்வதே இல்லை. செய்யுங்கள், அது ஒரு மாதச் சம்பளத்துக்கு மேல்.

மாவட்டங்களில், தாலுகாக்களில் நிலைமை வேறு. அங்கே பகுதிநேர நிருபருக்கு மாதச் சம்பளம் என்று ஒன்று பல இடங்களில் இருப்பதில்லை. செய்திக்கு இவ்வளவு என்று தருவார்கள். அல்லது விளம்பரம் பிடித்துக் கொடுத்தால் கமிஷன். ஊரில் இருந்துகொண்டே இத்தொழிலைச் செய்யலாம் என்ற எண்ணத்தோடு பட்டத்துக்குச் செலவழிப்பவர்கள் இதைத் தெரிந்துகொண்டு செலவழிக்க வேண்டும். விளம்பரம் தருபவரிடமே போய்ச் செய்தியும் கேட்க வேண்டியிருக்கும் நிலை, எந்தப் பாடநூலின் அறவியல் அத்தியாயத்துக்கும் பொருந்தாதது.

ஊதியக் குழுவைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1955-ல் வந்த உழைக்கும் பத்திரிகையாளர் சட்டத்தின் கீழ் அமைந்த மஜிதியா ஊதியக் குழுவின் பரிந்துரைகளை மத்திய அரசு 2011 நவம்பரில் அறிவித்தது. 2014 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அவற்றை உறுதி செய்தது. ஒப்பந்தத்தில் இருப்பவர்களுக்கும் அது பொருந்தும் என்று 2017-ல் நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. ஆனாலும் அது நாளிதழ்களுக்கும் செய்தி நிறுவனங்களுக்கும் உரியது, டி.வி. சேனல்கள் அதில் வரவே இல்லை. அந்த 1955-ஆம் ஆண்டுச் சட்டமும் இப்போது புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புக்குள் போய்விட்டது. ஆகவே கணக்குப் போடும்போது ஊதியக் குழு அட்டவணையைப் பார்த்துச் சம்பளத்தை எழுதாதீர்கள். அந்த வேலையில் இருக்கும் ஒருவரிடம் கேட்டு எழுதுங்கள்.

கடன் எவ்வளவு வரை?

கல்விக் கடனில் நாலு லட்சம் வரை வீட்டிலிருந்து பங்குத்தொகை போட வேண்டியதில்லை. ஏழரை லட்சம் வரை சொத்துப் பிணை கேட்காமல் தருவதற்கு அரசின் உத்தரவாத நிதி இருக்கிறது. பிரதமர் வித்யாலட்சுமி திட்டத்தில் வட்டிச் சலுகை உண்டு, ஆனால் அது குறிப்பிட்ட தரவரிசைக்குள் வரும் கல்லூரிகளுக்கு மட்டும். உங்கள் இதழியல் கல்லூரி அந்தப் பட்டியலில் இருக்கிறதா, அங்கே தரும் பட்டயம் கடனுக்குத் தகுதியான படிப்பா என்பதை முன்பணம் கட்டுவதற்கு முன்னாலேயே வங்கி மேலாளரிடம் கேட்டுவிடுங்கள். கடன் கிடைக்காது என்று சேர்ந்த பிறகு தெரிய வந்தால் மிச்சக் கட்டணத்துக்குக் கந்துவட்டிதான் கதி என்று ஆகிவிடும்.

ஐந்து லட்சம் கடன், பத்தரை சதவீத வட்டி என்று வைப்போம். படிக்கும் ஓராண்டும் அதற்குப் பிந்தைய ஓராண்டும் தவணை கட்ட வேண்டாம் என்பார்கள். வட்டி மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். தொகை முழுவதையும் தொடக்கத்திலேயே வாங்கியிருந்தால், தனி வட்டியாகவே இரண்டு ஆண்டில் 1,05,000 ரூபாய் அசலோடு சேர்ந்துவிடும். பிறகு ஏழு ஆண்டு தவணை என்றால் மாதம் சுமார் 10,200. கட்டி முடிக்கும்போது கையை விட்டுப் போயிருப்பது சுமார் 8 லட்சத்து 57 ஆயிரம். அந்த இரண்டு ஆண்டும் வட்டியை மட்டும் வீட்டிலிருந்து கட்டிவர முடிந்தால் மாதத் தவணை 8,430 ஆகக் குறையும்; அப்படிக் கட்டுவோருக்குச் சில வங்கிகள் ஒரு சதவீதம் வட்டியைக் குறைப்பதும் உண்டு. மாதம் நாலாயிரத்துச் சொச்சம் புரட்ட முடிகிற குடும்பம் இதைச் செய்துவிடுவது நல்லது.

17,600 கையில் வாங்குகிறவர் 10,200 தவணை கட்டினால் மிச்சம் 7,400. சென்னையில் நான்கு பேரோடு அறை எடுத்தாலும் அதில் ஒரு மாதம் ஓடாது. தவணை, கையில் வரும் முதல் சம்பளத்தில் நாலில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பது என் கணக்கு. 20,000 கையில் வரும் என்று நம்பிக்கை இருந்தால் தவணை 5,000. மேலே சொன்ன வட்டி, காலத்துக்கு அது ஏறக்குறைய இரண்டரை லட்சம் கடனுக்குச் சரி. அதற்கு மேல் வேண்டாம்.

இந்த வரம்பில் நான் பிடிவாதமாக இருப்பதற்குக் காரணம் பணம் மட்டும் இல்லை. என் முதல் வேலையில், நான் நேரில் பார்த்து எழுதிய செய்தியை மேலிடத்திலிருந்து வந்த ஒரு போன் மாற்றச் சொன்னது. நான் மறுத்துவிட்டு வெளியே வந்தேன். என் பக்கத்து மேசைக்காரருக்கும் அதே நிலை வந்தது. அவர் என்னைவிட நேர்மையானவர், என்னைவிட நன்றாக எழுதுகிறவர். ஆனால் தங்கையின் கல்யாணக் கடன், படிப்புக் கடன் இரண்டும் அவர் பெயரில் இருந்தன. மாற்றி எழுதிக் கொடுத்தார். அன்று இரவு டீக்கடையில் அவர் பேசவே இல்லை. நிருபருக்குக் கடன் இருந்தால் அது செய்திக்குள்ளும் வந்து உட்காரும். மூன்று மாதம் சம்பளம் இல்லாமல் தாக்குப்பிடிக்க முடிகிறவரால்தான் ‘முடியாது’ என்று சொல்ல முடியும். 2020-ல் கொரோனா காலத்தில் பத்திரிகைகள் பக்கத்தைக் குறைத்து, பதிப்புகளை மூடி, ஆட்களை அனுப்பியபோது மூன்று மாதச் சேமிப்பு என்ன செய்யும் என்பதைப் பலர் அனுபவித்துத் தெரிந்துகொண்டார்கள்.

பட்டம் யாருக்கு உதவும்?

இதுவரை படித்தவர்கள், ‘அப்படியானால் படிக்கவே வேண்டாம் என்கிறீர்களா?’ என்று கேட்கலாம். அப்படிச் சொல்லவில்லை.

செய்தி அறைகளில் வேலை எப்படி நிரம்புகிறது என்று பாருங்கள். நாளிதழில் விளம்பரம் போட்டு ஆள் எடுப்பது அரிது. டெஸ்க்கில் ஒரு இடம் காலியானால், ‘யாராவது தெரிஞ்ச பசங்க இருக்காங்களா?’ என்றுதான் முதலில் கேட்பார்கள். அந்தத் ‘தெரிஞ்ச’ என்ற சொல்லுக்குள் ஊர், சாதி, உறவு, பெரிய கல்லூரி எல்லாம் அடங்கியிருக்கின்றன. சித்தப்பா பத்திரிகையில் இருக்கும் பையனுக்குப் பட்டம் தேவையில்லை. அவனுக்கு ஒரு போன் போதும். கூலி வேலை செய்யும் பெற்றோரின் பிள்ளைக்கு, செய்தி அறையில் ஒருவரைக்கூடத் தெரியாத பிள்ளைக்கு, அந்தப் போனின் இடத்தில் இருப்பது கல்லூரிதான். கூடப் படித்த முப்பது பேர் முப்பது நிறுவனங்களுக்குப் போவார்கள். மூன்றாம் ஆண்டில் காலியிடம் எங்கே என்று அவர்களுடைய வாட்ஸ்அப் குழுவில்தான் முதலில் தெரியும். பாடத்திட்டத்தைவிட இதற்குத்தான் மதிப்பு அதிகம் என்று நான் நினைக்கிறேன். பெண்களுக்கு இன்னொன்றும் சேர்கிறது. ‘இராத்திரி ஷிப்ட்டா?’ என்று தயங்கும் வீடு, ‘படிச்ச படிப்புக்கான வேலை’ என்றால் சற்று இறங்கி வருகிறது. இதையும் நான் பல வீடுகளில் பார்த்துவிட்டேன்.

ஆகவே யாருக்கு அறிமுகம் இல்லையோ, அவர்களுக்குப் படிப்பு உதவும். அவர்களிடம்தான் பணமும் இருப்பதில்லை என்பதே இதில் உள்ள சிக்கல். அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை படித்தவர்கள், இளநிலைப் பட்டம் படிக்கும் காலத்தில் புதுமைப்பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் பெறுகிறார்கள். மூன்று ஆண்டுக்கு 36,000. அரசுப் பல்கலைக்கழகத் துறையில் முதுகலை சேர்ந்தால் கடனே இல்லாமல்கூட முடிக்கலாம். பெரிய தனியார் நிறுவனங்களில் கட்டணச் சலுகை, உதவித்தொகை இருக்கிறதா என்று கேட்டுப் பார்க்கக் கூச்சப்படாதீர்கள். விண்ணப்பிக்காதவருக்கு அவை கிடைப்பதில்லை.

பதினேழு வயதில் நேரே இளநிலையிலேயே இதழியல் எடுக்கலாமா என்பது அடிக்கடி வரும் கேள்வி. என் பதில்: முடிந்தால் வேண்டாம். பொருளாதாரம், சட்டம், புள்ளியியல், வேளாண்மை, வரலாறு என்று ஏதாவது ஒன்றை ஆழமாகப் படியுங்கள். செய்தியின் முதல் பத்தியை எழுத ஆறு மாதத்தில் டெஸ்க்கில் கற்றுத்தந்துவிடுவார்கள். பட்ஜெட் ஆவணத்தைப் பிரித்துப் பார்த்து எந்தத் தொகை எங்கே மறைந்திருக்கிறது என்று கண்டுபிடிக்க யாரும் கற்றுத்தர மாட்டார்கள். இத்தொழில் கைவிட்டாலும் அந்தப் பட்டம் வேறு வாசலைத் திறக்கும். கல்லூரியில் இருக்கும்போதே விகடன் குழுமத்தின் மாணவப் பத்திரிகையாளர் திட்டம் போன்றவற்றில் சேர்ந்துவிட்டால், எந்தத் துறையில் படித்தாலும் எழுத்துப் பழக்கமும் அறிமுகமும் ஒருசேரக் கிடைக்கும். இன்று தமிழ்ப் பத்திரிகைகளில் இருக்கும் பலர் அந்த வாசல் வழியாக வந்தவர்கள்.

பட்டமா, பட்டயமா?

இது சின்ன விஷயம்போலத் தோன்றும்; பத்து ஆண்டு கழித்துப் பெரிதாகிவிடும். ஓராண்டு முதுநிலைப் பட்டயம் செய்தி அறைக்குப் போதும். ஆனால் முதுகலைப் பட்டத்துக்கு அது சமமில்லை. பின்னாளில் கல்லூரியில் பாடம் நடத்த நினைத்தால் முதுகலையும் நெட் தேர்வும் கேட்பார்கள். செய்தி அறையில் நாற்பது வயதைத் தாண்டியவர்கள் ஆசிரியப் பணிக்குப் போக விரும்புவது சகஜம். அப்போது கையில் பட்டயம் மட்டும் இருந்தால் தபால் வழியில் ஒரு எம்.ஏ. எழுத ஓட வேண்டியிருக்கும். மத்திய அரசின் இந்தியத் தகவல் பணியில் பி பிரிவு வேலைகளுக்கு இதழியல் பட்டமோ பட்டயமோ தகுதியாகக் கேட்கிறார்கள். மாவட்டங்களில் இருக்கும் உதவி மக்கள் தொடர்பு அலுவலர் வேலையில் கண் இருந்தால், அந்த அறிவிப்பில் கேட்கும் தகுதியை முன்கூட்டியே படித்துவிட்டுப் படிப்பைத் தேர்ந்தெடுங்கள்.

கல்லூரிக்கு நேரில் போங்கள்

விளம்பரத் தாளில் ‘அதிகபட்ச சம்பளம்’ என்று போட்டிருப்பார்கள். அது ஒரே ஒருவர் வாங்கியது. வகுப்பில் நடுவில் நிற்பவர் என்ன வாங்குகிறார் என்று கேளுங்கள். எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது என்பதோடு, அதில் எத்தனை பேருக்குச் செய்தி வேலை, எத்தனை பேருக்கு விளம்பர நிறுவன வேலை என்றும் பிரித்துக் கேளுங்கள். பாடம் நடத்துவோரில் எத்தனை பேர் செய்தி அறையில் வேலை பார்த்தவர்கள் என்று கேளுங்கள். மாணவர்கள் நடத்தும் பயிற்சி இதழின் கடைசிப் பிரதியைக் காட்டச் சொல்லுங்கள். இரண்டு ஆண்டுக்கு முந்தைய பிரதியை எடுத்துக் காட்டினால், அந்தக் கல்லூரியில் எழுத்து வேலை நின்று இரண்டு ஆண்டாகிவிட்டது என்று அர்த்தம். மொழிபெயர்ப்புக்குத் தனிப் பாடம் இருக்கிறதா என்பதையும் விடாதீர்கள். தமிழ் டெஸ்க்கில் முதல் இரண்டு ஆண்டு வேலையில் பெரும்பகுதி பி.டி.ஐ. செய்தி நிறுவனத்தின் செய்தியைத் தமிழாக்குவதுதான்.

அலுவலகத்தில் சொல்வதைக் கேட்டுக்கொண்டபின், மூன்று ஆண்டுக்கு முன்னால் அங்கே படித்தவர்கள் நான்கு பேரின் எண்ணை வாங்குங்கள். கல்லூரி தேர்ந்தெடுத்துத் தரும் நான்கு பேரைத் தவிர்த்து, நீங்களே தேடிப் பிடிக்கும் நான்கு பேராக இருந்தால் நல்லது. இன்னும் செய்தித் தொழிலில் இருக்கிறார்களா, முதல் சம்பளம் கைக்கு எவ்வளவு வந்தது, இப்போது எவ்வளவு, கடன் முடிந்ததா என்று கேளுங்கள். மூத்தவர்கள் இதற்குக் கோபப்பட மாட்டார்கள். இப்படித் தங்களிடம் கேட்டிருக்கலாமே என்றுதான் பலர் சொல்வார்கள். கடைசியாக, போனை வைப்பதற்கு முன்னால் ஒன்றைக் கேட்டு, பதிலை மேலே போட்ட கணக்குத் தாளின் ஓரத்தில் எழுதிக்கொள்ளுங்கள்: ‘அண்ணே, போன மாசச் சம்பளம் எந்தத் தேதியில வந்துச்சு?’